கல்லா, கண்ணாடியா, வெறும் பொடியா? செதுக்கிய அலங்காரக் கல் எதனால் ஆனது என்று அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்க

விற்றவர் சொன்ன பெயரை முதலில் மறந்துவிடுங்கள். நிறத்தையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். பாண்டி எம்.ஜி. ரோட்டு ஞாயிறு சந்தையில் பச்சையாக இருப்பதெல்லாம் 'ஜேட்', வெள்ளையாக இருப்பதெல்லாம் 'மார்பிள்', சிவப்பாக ஒரு மணி கிடைத்தால் அது 'அரிக்கமேடு' (பாண்டி பக்கத்தில் பழைய மணிகள் தோண்டி எடுக்கப்பட்ட இடம்). சாயத்தில் ஊறப்போட்டால் பல கற்களை வேறு நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். எடையிலும் கடினத்திலும் அந்த வேலையைச் செய்வது கஷ்டம். அதனால் நான் தராசிலிருந்து தொடங்கி, லென்ஸுக்குப் போய், கடைசியில்தான் நிறத்தைப் பார்ப்பேன்.

வேண்டியவை எல்லாம் வீட்டிலேயே இருக்கும்: கிராம் காட்டும் சமையலறைத் தராசு, செல்போன் டார்ச், ஒரு துண்டு தாமிரக் கம்பி (எலக்ட்ரீசியன் விட்டுப்போன எர்த் வயர் போதும்), பழைய கத்தி, சின்ன அரம், வினிகர், பஞ்சு. வாங்க வேண்டியது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றுதான். நகை வேலை செய்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அது.

கீறிப் பார்ப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் நகம் 2.5, தாமிரம் சுமார் 3.5, கத்தியும் ஜன்னல் கண்ணாடியும் சுமார் 5.5, நல்ல அரம் 6.5. எது கீறுகிறதோ அதைவிடக் கல் மெத்து. எது கீறவில்லையோ அதைவிடக் கெட்டி. நம் நாட்டு நாணயங்களை இதற்கு எடுக்காதீர்கள், இப்போது வருபவற்றில் பல எஃகு. கீறுவது எப்போதும் அடிப்பாகத்தில், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். சாமி சிலையையும், நூறு வருஷம் பழையது என்று சந்தேகம் உள்ளதையும் கீறவே கூடாது.

இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. கத்தியால் இழுத்ததும் சாம்பல் நிறக் கோடு தெரியும். "ஐயோ, கீறிவிட்டது" என்று நினைப்போம். ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். கோடு அழிந்தால் அது கத்தியின் இரும்பு கல்லில் ஒட்டியது, கல்தான் கெட்டி. அழியாமல் நகம் மாட்டிக்கொண்டால்தான் உண்மையான கீறல்.

எடை பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், கீழே அடிக்கடி வரும். பொருளை அப்படியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரைத் தராசில் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். பொருளை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் முங்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம்தான் பொருளின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. நூலில் ஒட்டும் காற்றுக் குமிழிகளை விரலால் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் கணக்கு தப்பும். முப்பது கிராமுக்குக் குறைந்த பொருளுக்குச் சமையலறைத் தராசு போதாது. தெரிந்த நகைக்கடையில் தராசைக் கேட்டு வாங்கிச் செய்யலாம், சும்மா பார்ப்பதற்கு யாரும் மறுப்பதில்லை.

கையில் எடுத்ததும் கனமே இல்லை

இதைத் தண்ணீரில் போடாதீர்கள். மேலே சொன்ன வேலையெல்லாம் இதற்கு வேண்டாம்.

கல் கையில் பட்டதும் ஜில்லென்று இருக்கும், சூடேற நேரம் எடுக்கும். பிளாஸ்டிக்கும் காகிதமும் உடனே உள்ளங்கைச் சூட்டுக்கு வந்துவிடும். நம் பகுதியில் இன்னும் இரண்டு சாத்தியங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளும் வில்லியனூர் சுடுமண் வேலைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. கல்லாகவோ வெண்கலமாகவோ தெரியும்படி அழகாக வண்ணம் தீட்டப்பட்டவை அவற்றில் உண்டு. பண்ருட்டிக் கொலு பொம்மைகளும் அப்படித்தான். வண்ணம் படாத அடிப்பாகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சுடுமண் அதை உறிஞ்சும். வாயால் ஊதினால் முதல் மழையின் மண்வாசனை வரும். அப்படி வந்தால் அதைக் கல் என்று விற்றவரை மன்னித்துவிடுங்கள், பொருள் நல்ல பொருள்தான்.

மண்வாசனை இல்லை, வழவழப்பாக இருக்கிறது, கல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு கனம் என்றால் அது பெரும்பாலும் 'மார்பிள் டஸ்ட்': சலவைக்கல் பொடியை ரெசின் என்ற பிளாஸ்டிக் பிசினில் குழைத்து அச்சில் ஊற்றியது. அடர்த்தி 2-ஐச் சுற்றி நிற்கும்; அசல் சலவைக்கல் 2.7. பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு, மடிப்புகளின் இடுக்கில் ஊசிமுனைக் குழிகள், அடியில் ஒட்டிய வெல்வெட் துணி ஆகியவற்றைத் தேடுங்கள். அதே பிள்ளையார், அதே தும்பிக்கை வளைவோடு, அடுத்த கடையிலும் இருந்தால் கேள்வியே இல்லை. வினிகர் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே இருப்பது சலவைக்கல் பொடி என்பதால் இதுவும் நுரைக்கும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் தொட்டால் பிளாஸ்டிக் கருகும் வாடை. அதுதான் கடைசித் தீர்ப்பு.

புளி பட்டதும் பளபளப்பு போய்விட்டது

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த காலம். பூஜையறையில் ஒரு வெள்ளைப் பிள்ளையார், உள்ளங்கை அளவு. ஆடி வெள்ளிக்கு அம்மா விளக்குகளுக்குப் புளி போட்டுத் தேய்க்கும்போது அவரையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். கழுவித் துடைத்ததும், "என்னடா இது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கு?" என்று என்னைக் கூப்பிட்டார். அம்மா சொன்ன சுண்ணாம்பிலேயே விடை இருந்தது என்பது எனக்குப் புரியச் சில வருஷங்கள் ஆயின.

சலவைக்கல், சுண்ணாம்புக்கல், கடைகளில் 'ஓனிக்ஸ்' என்று விற்கும் வரிவரியான பச்சை, தேன்நிறக் கல், சங்கு, பவளம் எல்லாமே கால்சியம் கார்பனேட். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம், எலுமிச்சை, வினிகர், தயிர் எது பட்டாலும் மேல்பரப்பு அரிபடும். அடிப்பாகத்தில் ஒரு சொட்டு வினிகர் வைத்து லென்ஸில் பாருங்கள். பொடிக் குமிழிகள் மெதுவாக எழும். குமிழி வரவே இல்லை, ஆனால் கத்தி சுலபமாகக் கீறுகிறது என்றால் டோலமைட் வகைச் சலவைக்கல்லாக இருக்கலாம். கீறி எடுத்த பொடியின் மேல் வினிகர் வைத்தால் அதுவும் லேசாக நுரைக்கும்.

அந்த 'ஓனிக்ஸ்' பற்றி ஒரு வார்த்தை. அசல் ஓனிக்ஸ் குவார்ட்ஸ் (ஸ்படிகம்) குடும்பம், கடினம் 7, கத்தி தொடமுடியாது. சாம்பல் கிண்ணம், சதுரங்கக் காய், சின்னப் பெட்டி என்று வருவது கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்), கடினம் 3. இரண்டுக்கும் வரிகள் உண்டு, பெயரும் ஒன்று, விலையில்தான் பெரிய வித்தியாசம்.

மங்கியதைச் சரிசெய்ய மறுபடி பாலிஷ் போடுவதுதான் வழி: தண்ணீர் தொட்டு, மிக நைசான உப்புத்தாளில் தொடங்கி, படிப்படியாக இன்னும் நைசுக்குப் போக வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் கொஞ்ச நாள் மறைந்திருக்கும், பிறகு மஞ்சள் பாரிக்கும். எங்கள் பிள்ளையார் இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறார். அபிஷேகத்துக்கு இப்போது தண்ணீரும் பாலும் மட்டும்.

நகம் பட்டாலே மாவு வருகிறது

இரண்டே பேர்தான். கையில் சோப்பு போல வழுக்கினால் மாக்கல். நம் கல்சட்டி செய்யும் அதே இனம். வழுக்காமல், வெள்ளையாக, டார்ச் வெளிச்சம் உள்ளே ஊடுருவிப் பரவினால் அலபாஸ்டர், அதாவது ஜிப்சம். அடர்த்தியில் உறுதி செய்யலாம்: மாக்கல் 2.7 முதல் 2.8, ஜிப்சம் 2.3. ஜிப்சத்தைத் தண்ணீரில் ஊறவிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

யானைக்குள் குட்டி யானை தெரியும்படி ஜாலி வெட்டிய பொம்மை, ஆக்ராப் பக்கத்திலிருந்து வருவது, பீச் ரோடு பக்கம் எல்லாச் சுற்றுலாக் கடையிலும் இருக்கும். 'மார்பிள்' என்பார்கள். அது மாக்கல். சலவைக்கல்லில் அவ்வளவு நுணுக்கமாக உள்ளே குடைய எவ்வளவு நாள் ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் விலையே உண்மையைச் சொல்லிவிடும்.

கருப்புச் சிலையை 'கருங்கல்' என்று கொடுத்து, அடியில் நகம் பட்டதும் வெள்ளையாகக் கோடு விழுந்தால், அதுவும் மாக்கல்தான், எண்ணெயோ ஷூ பாலிஷோ ஏற்றியது. கருங்கல்லை லென்ஸில் பார்த்தால் மின்னும் பொடிப்பொடிப் பரல்கள் தனித்தனியாகத் தெரியும். நகமும் கத்தியும் அதனிடம் செல்லாது. ஒரு எச்சரிக்கை: மேலே மெழுகு பூசியிருந்தால் நகம் மெழுகைத்தான் சுரண்டும். முதலில் வெந்நீர் தொட்ட துணியால் துடைத்துவிட்டுக் கீறுங்கள்.

பச்சையாக இருக்கிறது, 'ஜேட்' என்றார்கள்

அதிகம் பேர் காசை விடும் இடம் இதுதான், நானும் விட்டிருக்கிறேன்.

பச்சைக் கல்லில் ஒரு மீன், இரண்டு விரல் நீளம், செதிலெல்லாம் தெளிவாக வெட்டியது. "ஒரிஜினல் ஜேட் சார், சைனாவுல இருந்து வந்தது."

"கீறிப் பாக்கலாமாண்ணே?"

"கண்ணாடிய வேணா கீறிக் காட்டறேன் சார்."

காட்டவும் செய்தார். பழைய கண்ணாடித் துண்டு, அதில் ஒரு வெள்ளைக் கோடு. வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஈரத் துணியால் துடைத்தபோது, அந்தக் கண்ணாடியில் கோடு விழுந்திருந்தால் அதையும் துடைத்துப் பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. கல்லின் பொடி கண்ணாடியில் அப்பியிருந்தாலும் வெள்ளைக் கோடுதான் தெரியும்.

மீனின் எடை 104 கிராம். தண்ணீரில் தராசு காட்டியது 40. அடர்த்தி 2.6. அங்கேயே ஜேட் கதை முடிந்தது. ஜேட் என்று சொல்லத் தகுந்தவை இரண்டே கனிமங்கள்: நெஃப்ரைட், அடர்த்தி சுமார் 2.95; ஜேடைட், சுமார் 3.3. இரண்டையும் கத்தி கீறாது. என் மீனின் வயிற்றில் கத்தி ஆழமாகவே இறங்கியது. 2.6 அடர்த்தி, கத்திக்குப் பணிகிறது, நகத்துக்கு மசியவில்லை, கொஞ்சம் மெழுகுத்தனமான பளபளப்பு: செர்பென்டைன். 'நியூ ஜேட்' என்ற செல்லப்பெயர் இதற்குத்தான்.

கத்தி கீறாமல் அடர்த்தி 2.65 வந்திருந்தால் அது குவார்ட்ஸ் இனம். அதற்குள் பச்சைச் செதில்கள் மினுமினுத்தால் அவென்சுரின். 'இந்தியன் ஜேட்' என்று ஏற்றுமதியாவது. மினுமினுப்பு இல்லாமல், பச்சை நிறம் விரிசல்களில் மட்டும் வலைபோலத் தேங்கியிருந்தால் சாயம் போட்ட குவார்ட்ஸைட். தாமிரக் கம்பி கீறி, வினிகரில் நுரைத்தால் முன்னே சொன்ன பச்சைக் கால்சைட்.

அடர்த்தி 3.2 வந்தால் குதிக்காதீர்கள். ஃப்ளோரைட்டும் 3.18 காட்டும், நெஃப்ரைட்டுக்கும் ஜேடைட்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதன் கடினம் 4 தான். கத்தி சுலபமாகக் கீறும். எடையோடு கீறலையும் சேர்த்துப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

எல்லாம் பொருந்தி ஜேடைட் என்றே வந்தாலும், அமிலத்தில் ஊறவைத்து வெளுத்து, விரிசல்களில் பாலிமர் ஏற்றியதா என்பதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. விலை பெரிதென்றால் லேப்தான்.

இன்னொன்று, நெஃப்ரைட்டும் ஜேடைட்டும் உளியால் செதுக்கப்படுவதில்லை. கெட்டிப் பொடி தடவிய சக்கரங்களால் அரைத்தே உருவாக்கப்படும். வெட்டின் அடியை லென்ஸில் பாருங்கள். கத்தி இழுத்த கூர்மையான, நேரான, சிம்பு தெறித்த கோடுகள் தெரிந்தால் மெத்துக் கல். அகலமான, உருண்ட அடிப்பள்ளம் தெரிந்தால் சக்கர வேலை. எல்லா விளிம்பும் மழுங்கி, வெட்டின் உள்ளும் வெளியும் ஒரே வழவழப்பாக இருந்தால் அச்சில் ஊற்றிய கண்ணாடி.

ஸ்படிகம் என்று வாங்கியது கண்ணாடியோ என்று சந்தேகம்

ஸ்படிக லிங்கத்துக்கும் உருண்டைக்கும் கீறல் வேண்டவே வேண்டாம். வெள்ளைத் தாளில் ஒரு தலைமுடியை வைத்து, அதன் மேல் உருண்டையை வைத்து, மெல்லச் சுழற்றிக்கொண்டே உள்ளே பாருங்கள். குவார்ட்ஸ் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். சில திசைகளில் முடி இரட்டையாகத் தெரியும். கண்ணாடியில் எப்படிச் சுழற்றினாலும் ஒற்றைதான். முழுச் சுற்றும் சுழற்றாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள், குவார்ட்ஸிலும் ஒரு திசையில் ஒற்றையாகவே தெரியும்.

உள்ளே உருண்டையான காற்றுக் குமிழியோ பாகு சுழன்ற மாதிரி வரிகளோ இருந்தால் கண்ணாடி. இறகு போல, மேகம் போல இருந்தால் இயற்கைக் கல்லுக்குச் சாதகம். அடர்த்தி குவார்ட்ஸுக்கு 2.65; சாதாரணக் கண்ணாடிக்கு 2.5, ஈயம் சேர்த்ததற்கு இன்னும் மேலே. தொழிற்சாலையில் வளர்த்த குவார்ட்ஸ் இந்தச் சோதனை அத்தனையிலும் தேறிவிடும், ஏனென்றால் அதுவும் குவார்ட்ஸ்தான்.

துடைத்த துணியில் நிறம் ஒட்டுகிறது

நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சை அடியில் தேயுங்கள். நீலம் வந்தால், 'டர்க்வாய்ஸ்' என்று விற்ற சாயம் போட்ட ஹவ்லைட் அல்லது மேக்னசைட். பிளாஸ்டிக் என்று சந்தேகம் இருந்தால் இந்த ரிமூவரைப் போடாதீர்கள், மேல்பாகம் கரைந்து பிசுபிசுக்கும். அதுவும் ஒரு விடைதான், ஆனால் பொருள் போய்விடும்.

காந்தம் பாய்ந்து ஒட்டுகிறது

வெள்ளி போலக் கருப்பாக மின்னும் 'ஹெமடைட்' யானை, மணிமாலை எல்லாம் ஃபெரைட் என்ற செயற்கைக் காந்தப் பொருள். அசல் ஹெமடைட்டை டைல்ஸின் பூச்சில்லாத பின்பக்கம் உரசினால் செம்மண் நிறக் கோடு விழும். கருங்கல்லில் காந்தம் லேசாக இழுத்தால் பொருட்படுத்த வேண்டாம், உள்ளே கொஞ்சம் இரும்புத்தாது இருக்கும்.

மேலே வெள்ளையாக உப்புப் பூக்கிறது

தேவனாம்பட்டினம் மாதிரி கடலோர வீடுகளில் வாசலில் வைத்த சிலைகளுக்கு வரும் நோய். தண்ணீரை உறிஞ்சும் பொருள் என்று இதிலிருந்தே தெரியும்: மணற்கல், சுண்ணாம்புக்கல், சுடுமண், அல்லது கல் மாதிரி வார்த்த சிமென்ட். சிமென்ட் என்றால் உடைந்த இடத்தில் மணலும் குமிழித் துளையும் தெரியும். மணற்கல்லைக் கத்தி கீறுவது போலத் தோன்றும், ஆனால் உண்மையில் பரல்தான் உதிர்கிறது. உதிர்ந்த ஒரு பரலை எடுத்துக் கண்ணாடியில் அழுத்தி இழுத்தால் கோடு விழும்.

மரமா கல்லா தெரியவில்லை

வளையமும் நரம்பும் மரம் போல, கனமும் குளிர்ச்சியும் கல் போல இருந்தால் கல்மரம். பாண்டியிலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி, விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டு பழையவை, கடலூர் மணற்கல் என்று பெயர் பெற்ற பாறைப் படிவில் கிடப்பவை. மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டதால் அரம்கூட வழுக்கும். அங்கிருந்து துண்டு எடுத்து வருவது குற்றம். பாலிஷ் போட்டுக் கடையில் விற்பவை இந்தோனேசியாவிலிருந்து நிறைய வருகின்றன. வண்ணம் தீட்டிய நிஜ மரமா என்ற சந்தேகம் இருந்தால் தண்ணீரில் விடுங்கள். மரம் பெரும்பாலும் மிதக்கும், கல்மரம் மூழ்கும்.

'அரிக்கமேட்டு மணி' என்கிறார்கள்

இதில் இரண்டு கேள்விகள் உண்டு: பொருள் என்ன, வயது என்ன. முதலாவதற்கு மட்டும்தான் நம்மால் விடை தேட முடியும்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டைத் தொல்லியலாளர் வீலர் 1945-இல் தோண்டினார். பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. சூதுபவளம், அகேட், ஸ்படிகம், செவ்வந்திக்கல் என்று கல்மணிகளும், ஏராளமான கண்ணாடி மணிகளும் அங்கே கிடைத்தன. கண்ணாடி மணிகள் பெரும்பாலும் மிளகை விடச் சிறியவை. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடேற்றி முனையை மழுக்கியவை. அதனால் லென்ஸில் குமிழிகளும் வரிகளும் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். வரிகள் துளையைச் சுற்றி வளையமாக ஓடினால் கம்பியில் சுற்றிச் செய்த மணி, வேறு முறை. வரியே இல்லாமல் நடுவில் அச்சுக் கோடு இருந்தால் நேற்று வந்தது.

இழுத்துச் செய்த மணி என்று உறுதியானாலும் பழையது என்று ஆகிவிடாது. ஆந்திராவின் பாபநாயுடுபேட்டையில் இதே முறையில் நம் காலத்திலும் மணி செய்திருக்கிறார்கள். சிவப்புக் கல்மணி சூதுபவளம் என்றால் அரம் கீறாது, டார்ச் வெளிச்சம் உள்ளே போய் ஆரஞ்சாக ஒளிரும், சீரற்ற மேகமூட்டம் தெரியும். மணி முழுக்க ஒரே சிவப்பாக, துளையின் ஓரத்தில் கண்ணாடி போலப் பளபளவென்று சில்லு பெயர்ந்திருந்தால் கண்ணாடி.

அசல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக, பாரதி பூங்கா பக்கத்திலுள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் ஒருவர் உங்களிடம், "இது அங்க தோண்டி எடுத்தது சார்" என்று சொன்னால் வாங்காதீர்கள். பொய்யென்றால் காசு நஷ்டம். உண்மையென்றால் பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து திருடியது. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்களின் வியாபாரத்துக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது.

எதிலும் அடங்கவில்லை

ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போகும்போது, நீங்கள் எடுத்த அடர்த்தி, கீறல் விவரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒளிவிலகல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்: குவார்ட்ஸ் 1.54, செர்பென்டைன் 1.56, நெஃப்ரைட் 1.61, ஜேடைட் 1.66. சான்றிதழில் 'ஜேட்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஜேட் என்று திருப்பிக் கேளுங்கள். என் மீனுக்கு நான் சான்றிதழ் வாங்கவில்லை. அலமாரியில் அந்த மங்கிய பிள்ளையார் பக்கத்தில் நிற்கிறது, வயிற்றில் கத்திக் கீறலோடு.